கேபிள் பெட்டியை விட்டு இணையத் தொலைக்காட்சிக்கு: சிங்கப்பூர் வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

மாதாமாதம் பணம் கட்டும் கேபிள் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இனி இணையத்தில் பார்த்துக்கொள்வோம் என்று முடிவெடுக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் எந்தச் செயலியை வாங்குவது என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்குகின்றன. அது கடைசிக்குச் சற்று முன்னால் வரவேண்டிய கேள்வி. நாங்கள் முதல் முறை அப்படித்தான் தொடங்கினோம். மூன்றே வாரத்தில் பழைய பெட்டியை மீண்டும் இணைத்துக்கொள்ள நேர்ந்தது. அம்மா தினமும் பார்க்கும் மாலைத் தொடர் நாங்கள் வாங்கிய செயலியில் இல்லை, கூடத்தில் வைஃபை நிலையாக நிற்கவில்லை, செய்திக்கு எந்தப் பொத்தானை அழுத்துவது என்று ஒவ்வொரு நாளும் யாராவது ஓடிவந்து காட்ட வேண்டியிருந்தது. ஆறு மாதம் கழித்து வேறு வரிசையில் முயன்றோம், அது நிலைத்துவிட்டது. அந்த வரிசையைத்தான் இங்கே விளக்கமாக எழுதியிருக்கிறேன்.

முதலில், உங்கள் வீட்டில் இருப்பது உண்மையில் என்ன?

நாம் இன்னும் பழக்கத்தால் கேபிள் என்று சொன்னாலும், சிங்கப்பூரில் அசல் கேபிள் தொலைக்காட்சி நின்று ஆண்டுகள் ஆகிவிட்டன. 1990களில் சிங்கப்பூர் கேபிள் விஷன் வீடு வீடாக இழுத்த கம்பிவழிச் சேவை பின்னர் ஸ்டார்ஹப் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கைக்கு வந்து, 2019 செப்டம்பர் 30ஆம் தேதியுடன் முடிவுக்கு வந்தது. இன்னொரு தொலைத்தொடர்பு நிறுவனமான சிங்டெலின் தொலைக்காட்சிச் சேவை 2007இல் மியோ டிவி என்ற பெயரில் தொடங்கியபோதே இணைய நெறிமுறை வழியாகத்தான் வந்தது. ஆகவே இன்று கூடத்தில் இருக்கும் பெட்டி எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், அதற்குள் நுழைவது உங்கள் வீட்டு ஃபைபர் (கண்ணாடி இழை) இணைப்பின் வழியாக வரும் தரவுதான்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. பெட்டியை எடுத்துவிட்டால் படத்தின் தரம் குறைந்துவிடுமோ என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. பெட்டிக்கு வரும் படமும் செயலிக்கு வரும் படமும் வீட்டுக்குள் நுழைவது ஒரே கண்ணாடி இழை வழியாகத்தான். மாறப்போவது ஒப்பந்தமும், பெட்டியின் இடத்தில் நீங்கள் வைக்கப்போகும் கருவியும், தொலைஇயக்கியை (ரிமோட்) பிடிக்கும் பழக்கமும்தான். மூன்றாவதுதான் மிகக் கடினமானது என்பதைப் பின்னால் விளக்குகிறேன்.

ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

ஒரு தாளைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒட்டி, ஏழு நாளுக்கு யார் எதைப் பார்த்தார்கள் என்று குறித்து வையுங்கள். ஒளிவழியின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. அந்த நிகழ்ச்சியை அந்த நேரத்திலேயே பார்த்தாக வேண்டுமா, அல்லது பிறகு பார்த்தாலும் பரவாயில்லையா என்பதையும் எழுத வேண்டும். இந்த இரண்டாவது குறிப்புதான் பணத்தை மிச்சப்படுத்தும். நூற்றுக்கு மேற்பட்ட ஒளிவழிகளுக்குக் கட்டணம் செலுத்தும் வீட்டில் எத்தனை ஒளிவழிகள் அந்தத் தாளில் இடம்பெறுகின்றன என்று பார்த்தால் உங்களுக்கே வியப்பாக இருக்கும். எங்கள் வீட்டுத் தாளில் ஆறுதான் வந்தன: உள்ளூர்த் தமிழ் ஒளிவழியான வசந்தம், சன் டிவி, விஜய் டிவி, செய்தி ஒளிவழியான சிஎன்ஏ, பிள்ளைகளுக்கான கார்ட்டூன் ஒளிவழி ஒன்று, சனி ஞாயிறுகளில் காற்பந்து.

இந்த ஆறில் வசந்தமும் சிஎன்ஏயும் கட்டணமில்லாதவை. கார்ட்டூன் எந்த நேரமும் பார்க்கக்கூடியது. நேரடியாகவே வேண்டும் என்பது காற்பந்தும், அம்மாவின் ஒரே ஒரு தொடரும்தான். அந்தத் தொடரையும் மறுநாள் காலை பார்ப்பதில் அவருக்குத் தடையில்லை என்பது கேட்ட பிறகுதான் தெரிந்தது. கேட்காமல் நாமாகவே முடிவு செய்யும் இடம் இது, தயவுசெய்து கேளுங்கள்.

ஒப்பந்தத்தைப் படியுங்கள்

கட்டணத் தொலைக்காட்சி பெரும்பாலும் 24 மாத ஒப்பந்தத்தில், அதுவும் இணையச் சேவையுடன் சேர்த்து விற்கப்படுகிறது. பில்லை எடுத்து மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: ஒப்பந்தம் முடியும் தேதி, இடையில் விலகினால் செலுத்த வேண்டிய தொகை, தொலைக்காட்சியை நீக்கினால் இணையக் கட்டணத்துக்குத் தரப்பட்ட சலுகையும் நீங்கிவிடுமா என்பது. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. தொலைக்காட்சிக்கு 35 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று நினைத்து நீக்கியபின், இணையக் கட்டணம் 12 வெள்ளி ஏறினால் உங்கள் உண்மையான மிச்சம் 23 வெள்ளிதான். அந்த 23 வெள்ளிக்குள் புதிய செயலிகளின் கட்டணம் அடங்குமா என்பதே நீங்கள் போட வேண்டிய கணக்கு. பில்லில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி தனியாகக் காட்டப்பட்டிருக்கலாம். வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கும் 2020 முதல் இந்த வரி உண்டு என்பதால், இரண்டு பக்கமும் வரியைச் சேர்த்தே ஒப்பிடுங்கள்.

ஒப்பந்தம் முடிய ஐந்து மாதத்துக்கு மேல் இருந்தால் அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. அந்த மாதங்களை அடுத்த படிகளுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஆன்டெனாவை முதலில் வையுங்கள்

இணையத் தொலைக்காட்சி பற்றிய வழிகாட்டியில் ஆன்டெனாவுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். எல்லாவற்றையும் இணையத்தின் மேல் ஏற்றிவிட்டால், இணையம் நின்ற நாளில் வீட்டில் செய்திகூட வராது. அதோடு, உள்ளூர் ஒளிபரப்பு நிறுவனமான மீடியாகார்ப்பின் ஆறு ஒளிவழிகளும், அதாவது சேனல் 5, சேனல் 8, சேனல் யு, சூரியா, வசந்தம், சிஎன்ஏ ஆகியவை, காற்றிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. முன்பு ஆண்டுக்கு 110 வெள்ளியாக இருந்த தொலைக்காட்சி உரிமக் கட்டணமும் 2011இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆன்டெனாவை ஒருமுறை வாங்கினால் அதோடு செலவு முடிந்தது.

பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 ஜனவரி தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. இப்போதைய ஒளிபரப்பு டிவிபி-டி2 என்ற மின்னிலக்க முறையில் வருகிறது. உங்கள் தொலைக்காட்சியின் அமைப்புப் பட்டியலிலோ கையேட்டிலோ அந்தப் பெயர் இருந்தால் தனிப் பெட்டி தேவையில்லை. மிகப் பழைய தொலைக்காட்சியாக இருந்தால் மட்டும் சிறிய மின்னிலக்கப் பெட்டி ஒன்று வாங்க வேண்டியிருக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சுவரில் உள்ள பழைய கேபிள் துளையில் ஆன்டெனா கம்பியைச் செருகிப் பார்த்துவிட்டு ஒன்றும் வரவில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. அந்தத் துளையில் பழைய சேவை ஓடுவதில்லை. மேசை மேல் வைக்கும் உட்புற ஆன்டெனாதான் வேண்டும்.

ஆன்டெனாவைச் சன்னலோரத்தில், இயன்றவரை உயரமாக வையுங்கள். உலோகச் சன்னல் கம்பிகளை ஒட்டி வைக்க வேண்டாம். புக்கிட் பாத்தோக் ஒளிபரப்புக் கோபுரம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கைப்பேசி வரைபடத்தில் பார்த்து அந்தப் பக்கச் சன்னலை முதலில் முயலுங்கள். எதிரே உள்ள புளோக் கட்டடம் மறைத்தால் மற்றச் சன்னல்களையும் முயன்று பார்க்கலாம். தொலைக்காட்சி அமைப்பில் நாடு சிங்கப்பூர் என்றும், உள்ளீடு ஆன்டெனா என்றும் தேர்ந்தெடுத்துத் தானாகத் தேடும்படி விடுங்கள். ஆறும் வந்துவிட்டால் நல்லது. சில மட்டும் வந்தால், ஆன்டெனாவை ஒரு சாண் நகர்த்தி மீண்டும் தேட வேண்டும். மின்னிலக்கத்தில் படம் மங்குவதில்லை. கட்டம் கட்டமாக உடையும், அல்லது அறவே வராது. அதனால் பொறுமையாக இடம் தேட வேண்டியிருக்கிறது.

இணையத்தைக் கூடம் வரை கொண்டு வாருங்கள்

நெட்ஃபிளிக்ஸ் தன் வாடிக்கையாளர்களுக்குப் பரிந்துரைக்கும் வேகம், முழு எச்டி படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட், 4கே படத்துக்கு 15 மெகாபிட். சிங்கப்பூர் வீடுகளில் பரவலாக உள்ள ஃபைபர் திட்டமே நொடிக்கு 1 ஜிகாபிட், அதாவது 1,000 மெகாபிட். எனவே படம் நின்று நின்று வருகிறது என்பதற்காக 3 ஜிகாபிட், 10 ஜிகாபிட் திட்டங்களுக்கு மாறச் சொல்லும் ஆலோசனையை ஏற்காதீர்கள். அநேகமாகக் குறை வெளியில் இருந்து வரும் கம்பியில் இருக்காது. ரவுட்டருக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில் உள்ள சில மீட்டரில்தான் இருக்கும்.

எங்கள் வீட்டில் அது வெடிகுண்டுப் புகலிட அறையாக இருந்தது. 1990களின் இறுதிக்குப் பிறகு கட்டப்பட்ட வீவக வீடுகளில் கனத்த கான்கிரீட் சுவரும் எஃகுக் கதவும் கொண்ட அந்தச் சிறிய அறை இருக்கும். நாங்கள் மற்ற சாமான்களுடன் ரவுட்டரையும் அதற்குள் அடுக்கி, பார்வைக்கு அசிங்கமாக இல்லாமல் கதவைச் சாத்தி வைத்திருந்தோம். மாலை எட்டு மணிக்கு எல்லாரும் கைப்பேசியைத் திறந்ததும் கூடத்தில் படம் சுழல ஆரம்பிக்கும். கைப்பேசியில் வேகம் அளந்து பார்த்தோம்: ரவுட்டருக்குப் பக்கத்தில் 600 மெகாபிட்டுக்கு மேல், தொலைக்காட்சிக்கு முன்னால் 9. வலுவூட்டிய கான்கிரீட்டை வைஃபை எளிதில் தாண்டுவதில்லை. அதிலும் வேகமான 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை, 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையைவிடச் சுவரில் அதிகம் வலுவிழந்துவிடுகிறது. ரவுட்டரை வெளியே எடுத்துக் காலணி அலமாரியின் மேல் வைத்ததும் கூடத்தில் அதே கைப்பேசி 280 காட்டியது. புதிதாக எதையும் வாங்கவில்லை.

அதற்கும் ஒரு படி மேலே, தொலைக்காட்சி அலமாரி ஃபைபர் முனைக்கு அருகிலேயே இருந்தால், ஒரு தட்டையான லேன் கம்பியைச் சுவரோரமாக ஓட்டி ரவுட்டரிலிருந்து நேராகக் கருவிக்குக் கொடுத்துவிடுங்கள். வைஃபையைப் பிள்ளைகளின் கைப்பேசிகளுக்கு விட்டுவிடலாம். முதியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில், படம் நின்றால் சரிசெய்ய ஆள் இல்லாத இடத்தில், இந்தக் கம்பியைப் போன்ற உதவி வேறில்லை.

கருவி

தொலைக்காட்சி நான்கைந்து ஆண்டுக்குள் வாங்கியதாக இருந்தால் அதிலுள்ள செயலிகளே போதும். அதைவிடப் பழையதாக இருந்தால், சில செயலிகள் புதுப்பிக்கப்படாமல் நின்றிருக்கும். அதற்காகப் புதிய தொலைக்காட்சி வாங்க வேண்டாம். எச்டிஎம்ஐ துளையில் செருகும் சிறு கருவி ஒன்று வாங்கினால் அதே தொலைக்காட்சி மேலும் பல ஆண்டு ஓடும். கூகல் டிவி வகைக் கருவிகளும் ஆப்பிள் டிவியும் இங்கே எளிதில் கிடைக்கின்றன. வாங்கும் முன் நீங்கள் தாளில் எழுதிய நிகழ்ச்சிகளுக்கான செயலிகள் எல்லாம் அந்தக் கருவியில் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். கைப்பேசியில் உள்ள எல்லாச் செயலிகளும் தொலைக்காட்சியில் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். கருவிக்கு மின்சாரத்தைத் தொலைக்காட்சியின் யூஎஸ்பி துளையிலிருந்து எடுக்காமல், அதனுடன் வந்த அடாப்டரைச் சுவரில் செருகுங்கள். மின்சாரம் போதாத கருவி காரணமில்லாமல் மீண்டும் மீண்டும் அணைந்து எழும்.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரே முறை பணம் கட்டினால் உலகத்து ஒளிவழிகள் எல்லாம் வாழ்நாள் முழுதும் இலவசம் என்று விற்கப்படும் பெட்டிகளை வாங்காதீர்கள். 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத்தின்படி, திருட்டு ஒளிபரப்புக்கு வழிசெய்யும் பெட்டிகளைத் தெரிந்தே விற்பது குற்றம். தனிநபருக்கு 100,000 வெள்ளி வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். சட்டத்தைத் தவிர இன்னொன்றும் இருக்கிறது. யார் எழுதினார்கள் என்றே தெரியாத மென்பொருளை, வங்கிச் செயலி இருக்கும் கைப்பேசியுடன் ஒரே வைஃபையில் இணைக்கிறீர்கள். நம் மக்கள் வீடுகளில், குறிப்பாகத் தமிழ் ஒளிவழிகளுக்காக, இந்தப் பெட்டிகள் நிறையப் புழங்குவதைப் பார்த்து எனக்கு உண்மையில் வருத்தம்.

இப்போது செயலிகள்

மீடியாகார்ப்பின் மீவாட்ச் செயலியைக் கட்டணமின்றி முதலில் ஏற்றுங்கள். முன்பு டோகிள் என்று இருந்தது 2020இல் இந்தப் பெயருக்கு மாறியது. வசந்தத்தை நேரடியாகவும், தவறவிட்ட தமிழ் நாடகங்களைப் பிறகும் அதில் பார்க்கலாம். அடுத்து யூடியூப், தமிழ் நிகழ்ச்சிகளின் பகுதிகள் பலவற்றை ஒளிவழிகளே அதில் ஏற்றுகின்றன. இவ்விரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். தாளில் எது மிஞ்சுகிறதோ அதற்கு மட்டும் பணம் கட்டினால் போதும்.

சன் தொலைக்காட்சிக் குழுமத்தின் தொடர்களுக்கும் படங்களுக்கும் சன் நெக்ஸ்ட், ஜீ குழுமத்துக்கு ஜீ5 என்று ஒவ்வொன்றுக்கும் அதனதன் செயலி உண்டு. இந்தியாவில் இருக்கும் உறவினர் சொல்லும் விலையையும் பட்டியலையும் நம்பி வாங்காதீர்கள். ஒளிபரப்பு உரிமை நாட்டுக்கு நாடு தனியாக விற்கப்படுவதால், அங்கே ஓடும் படமோ ஒளிவழியோ அதே செயலியில் இங்கே இல்லாமல் போகலாம். சிங்கப்பூர்க் கணக்கில், ஒரு மாதச் சந்தாவாக எடுத்து, உங்களுக்கு வேண்டிய தொடரின் பெயரைத் தேடிப் பார்த்து, புதிய பகுதி எப்போது ஏறுகிறது என்பதையும் கவனித்த பிறகே ஆண்டுச் சந்தாவுக்குப் போக வேண்டும்.

நேரடி ஒளிவழிகள் கட்டாயம் வேண்டும் என்றால், பெட்டி இல்லாமல் செயலி வழியாகவே எடுக்கும் வழியை ஸ்டார்ஹப்பும் சிங்டெலும் வைத்திருக்கின்றன. இங்கிலாந்தின் பிரிமியர் லீக் காற்பந்து 2022ஆம் ஆண்டுப் பருவம் முதல் ஸ்டார்ஹப்பிடம் இருக்கிறது. காற்பந்துப் பிரியர்கள் ஒன்றை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது: இணையத்தில் வரும் நேரலை சற்றுப் பின்தங்கியே வரும். உங்கள் திரையில் பந்து இன்னும் நடுத்திடலில் இருக்கும்போது பக்கத்து வீட்டில் கோல் என்று கத்துவார்கள்.

பிள்ளைகளின் கணக்கை வயதான பெற்றோர் வேறு வீட்டில் பயன்படுத்தும் வழக்கம் நம்மிடம் அதிகம். நெட்ஃபிளிக்ஸ் 2023 முதல் ஒரு கணக்கை ஒரு வீட்டுக்கு என்று இறுக்கிவிட்டது. பொங்கோலில் இருக்கும் மகனின் கணக்கு தோ பாயோவில் இருக்கும் தாய்க்குத் திடீரென்று நின்றுபோகலாம். அவர் வீட்டுக்குக் கூடுதல் உறுப்பினர் கட்டணமோ தனிக் கணக்கோ தேவைப்படும் என்று உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை அணைத்துவிட்டு இரண்டு வாரம்

சேவையை ரத்துச் செய்வதற்கு முன், பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கி அலமாரிக்குள் வைத்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு வெளியே எடுக்கக் கூடாது. யார் எதற்காக அதைக் கேட்கிறார்கள் என்று குறித்து வாருங்கள். இரண்டாவது வாரத்திலும் ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால் அதற்கு வழி காணும் வரை ரத்து வேண்டாம்.

இந்தக் காலத்தில்தான் தொலைஇயக்கிப் பிரச்சினை முழுதாக வெளிவரும். முதியவர்கள் ஒளிவழி எண்ணை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள். எண்ணை அழுத்தினால் படம் வர வேண்டும். செயலித் திரையில் படங்களாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்து மிரள்வது அவர்கள் குறை அன்று; அது நாற்பதாண்டுப் பழக்கத்துக்கு முற்றிலும் வேறான ஒழுங்கு. எங்கள் வீட்டில் முதல் நாள் அம்மா தொலைஇயக்கியைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு வேண்டாம்ப்பா, நீங்க பாருங்க" என்று எழுந்துவிட்டார். அடுத்த நாள் நான் செயலிகளில் மூன்றை மட்டும் முகப்பின் முதல் வரிசையில் வைத்து, மற்றவற்றை எல்லாம் நீக்கினேன். தானாக அடுத்த நிகழ்ச்சிக்குத் தாவும் வசதியையும் அணைத்தேன். எங்கே மாட்டிக்கொண்டாலும் வீட்டுப் படம் போட்ட பொத்தானை அழுத்தினால் முதல் திரைக்கு வந்துவிடலாம், அதில் இடப்பக்கம் முதலாவது வசந்தம், அடுத்தது தொடர் என்று சொன்னேன். அவருக்கு அந்தச் சாம்பல் நிறப் பொத்தான் மற்றப் பொத்தான்களிலிருந்து பிரிந்து தெரியவில்லை. எழுந்து போய்க் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த அரக்குநிற ஒட்டுப்பொட்டு ஒன்றைப் பிய்த்து வந்து, அதன் மேல் ஒட்டி, கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். அன்றிலிருந்து எங்களை அழைக்கவில்லை. பொட்டு தேய்ந்தால் அவரே மாற்றிக்கொள்கிறார்.

சொல்லித்தரப் பிள்ளைகளுக்கு நேரமில்லாத வீடுகளுக்கு, சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் அமைந்துள்ள எஸ்ஜி டிஜிட்டல் சமூக நடுவங்களில் முதியவர்களுக்குக் கைப்பேசி, செயலி போன்றவற்றைப் பொறுமையாகக் கற்றுத்தருகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ரத்துச் செய்தல்

ஒப்பந்தத்தில் உள்ள முன்னறிவிப்புக் காலத்தைப் பார்த்து அதற்கேற்ப எழுத்து வடிவில் தெரிவியுங்கள். தொலைபேசியில் சொன்னாலும் உறுதிப்படுத்தும் மின்னஞ்சலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பேசும்போது பாதி விலைக்கு இன்னும் 24 மாதம் என்ற சலுகை வரக்கூடும். உங்கள் தாளும் கணக்கும் கையில் இருந்தால் அதற்கு ஒரு நிமிடத்தில் பதில் சொல்ல முடியும். சில வீடுகளுக்கு அந்தச் சலுகையே நல்ல முடிவாகவும் இருக்கலாம், குறிப்பாக நேரடி ஒளிவழிகள் நான்கைந்துக்கு மேல் தாளில் வந்திருந்தால்.

பெட்டி வாடகைக்கு வந்ததா, சொந்தமா என்று கேளுங்கள். வாடகை என்றால் பெட்டி, அடாப்டர், தொலைஇயக்கி, கம்பி எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் படமெடுத்து, பெட்டியின் அடியில் உள்ள வரிசை எண்ணையும் தெளிவாகப் படம்பிடித்து, திருப்பிக் கொடுத்ததற்கான ரசீதை வாங்குங்கள். எங்களிடம் படுக்கையறையில் இரண்டாவது பெட்டி ஒன்று இருந்தது. முதலாவதைக் கொடுத்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று இருந்தோம். இரண்டாவதற்கு வாடகை பில்லில் தனியாகத் தொடர்ந்து ஏறிக்கொண்டே வந்ததை மூன்றாம் மாதம்தான் கண்டுபிடித்தோம். நிறுவனம் ஒரு மாதத் தொகையை மட்டுமே திருப்பித் தந்தது. ஆகவே அடுத்த இரண்டு பில்களை வரி வரியாகப் படியுங்கள். சொந்தப் பெட்டியாக இருந்தால், மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். குப்பைக் குழாயில் போடக் கூடாது.

செயலிச் சந்தாக்களுக்கும் இதே கவனம் வேண்டும். கைப்பேசியிலிருந்து செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. கைப்பேசியின் செயலிக் கடை வழியாக எடுத்திருந்தால் அங்கேயும், நேராக நிறுவனத்திடம் அட்டையைக் கொடுத்திருந்தால் அவர்கள் தளத்திலும்தான் நிறுத்த வேண்டும். எங்கே எடுத்தது, எந்தத் தேதியில் புதுப்பிக்கப்படும் என்பதை அதே தாளின் பின்பக்கத்தில் எழுதி, தொலைக்காட்சி அலமாரிக்குள் வைத்துவிடுங்கள்.